மருந்து பித்தநீரில் எவ்வளவு வெளியேறும்? கணினி மாதிரிகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உடலுக்குள் போன மருந்து வெளியேற மூன்று பெரிய வழிகள் உண்டு. சிறுநீரகம் அதை வடிகட்டிச் சிறுநீரில் விடும். கல்லீரலின் நொதிகள் அதை வேறு பொருளாக உருமாற்றும். இல்லையென்றால் கல்லீரல் அதை உருமாற்றாமலே பித்தநீரில் தள்ளிவிடும். முதல் இரண்டு வழிகளைக் கணிப்பதில் நாம் ஓரளவு தேறிவிட்டோம். மூன்றாவதில் இன்னும் தடுமாறுகிறோம். பல ஆண்டுகளாக இந்த மூன்றாவது வழியோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். மருந்தியல் மாணவர்களும், வேதியியலிலிருந்தோ கணினித் துறையிலிருந்தோ இதற்குள் வருகிறவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன்.

மருந்து பித்தநீருக்கு எப்படிப் போய்ச் சேர்கிறது?

கல்லீரல் செல்லுக்கு இரண்டு முகங்கள். ஒன்று ரத்தத்தைப் பார்த்திருக்கிறது. மற்றொன்று பக்கத்துச் செல்லோடு சேர்ந்து, ஏறத்தாழ ஒரு மைக்ரோமீட்டர் அகலமுள்ள நுண்குழாய் ஒன்றை உண்டாக்குகிறது. பித்தநீர் பிறப்பது அந்த நுண்குழாயில்தான். ஆகவே மருந்து இரண்டு வாசல்களைக் கடக்க வேண்டும். முதலில் ரத்தத்திலிருந்து செல்லுக்குள், பிறகு செல்லிலிருந்து நுண்குழாய்க்குள்.

கொழுப்பில் எளிதாகக் கரையும் சிறு மூலக்கூறுகள் சவ்வின் வழியாகத் தாமே ஊடுருவிவிடும். பெரியவையும் மின்னூட்டம் கொண்டவையும் அப்படிப் போக முடியாது. அவற்றைத் தூக்கிச் செல்லக் கடத்திப் புரதங்கள் வேண்டும். நுழைவாசலில் ஓஏடிபி1பி1, ஓஏடிபி1பி3, என்டிசிபி ஆகியவை நிற்கின்றன. வெளிவாசலில் எம்ஆர்பி2, பிசிஆர்பி, பி-கிளைக்கோபுரதம், மேட்1 ஆகியவை. வெளிவாசலில் உள்ளவற்றில் முதல் மூன்றும் செல்லின் எரிபொருளான ஏடிபியைச் செலவழித்து, செறிவு குறைந்த இடத்திலிருந்து கூடிய இடத்துக்கு மருந்தை ஏற்றித் தள்ளுகின்றன. அதனால்தான் சில பொருள்களின் செறிவு ரத்தத்தில் இருப்பதைவிடப் பித்தநீரில் பத்து மடங்கும் நூறு மடங்கும் கூடுதலாக இருக்கிறது. மருந்து கசிந்து வடிந்தால் இப்படி ஆகாது. இது ஏற்றம் இறைப்பது போன்ற வேலை.

இதை முன்கூட்டியே தெரிந்துகொள்வதில் அப்படி என்ன அவசரம்?

இந்த வாசல்கள் பல மருந்துகளுக்குப் பொதுவானவை. ஒரு மருந்து வாசலை அடைத்தால் இன்னொன்று ரத்தத்திலேயே தேங்கிவிடும். நோயெதிர்ப்பை அடக்கும் சைக்ளோஸ்போரின் எடுத்துக்கொள்பவருக்கு, கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் வகை மருந்தான ரோசுவாஸ்டாட்டின் கொடுத்தால், ரத்தத்தில் அதன் மொத்த அளவு ஏறத்தாழ ஏழு மடங்கு உயர்கிறது. ரோசுவாஸ்டாட்டின் நொதிகளால் பெரிதாக உருமாறுவதில்லை. எனவே நொதிகளை மட்டும் ஆராய்ந்தவர்களுக்கு இந்த ஆபத்து கண்ணில் பட்டிருக்காது.

இன்னொரு காரணம், கல்லீரல் நோயும் பித்தக்குழாய் அடைப்பும். சிறுநீரகம் பழுதுபட்டவருக்கு எவ்வளவு குறைத்துக் கொடுப்பது என்று சொல்ல ரத்தத்தில் கிரியாட்டினின் என்ற அளவுகோல் இருக்கிறது. பித்த வழிக்கு அப்படி எளிய அளவுகோல் எதுவும் கிடையாது. கணினி மாதிரிகள் இங்கே தேவைப்படுவதற்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டுமா?

மனிதரிடமே நேராக அளந்துவிட்டால் என்ன?

அளக்கலாம், ஆனால் வழி கரடுமுரடானது. அறுவை சிகிச்சைக்குப் பிறகு பித்தக்குழாயில் வடிகுழாய் வைத்திருக்கும் நோயாளிகளிடம் சேகரிக்கலாம். ஆனால் அவர்களின் கல்லீரல் அப்போது இயல்பாக இயங்குவதாகச் சொல்ல முடியாது. ஆரோக்கியமானவர்களின் சிறுகுடலுக்குள் குழாய் இறக்கி உறிஞ்சி எடுக்கலாம். நூல் சுற்றிய மாத்திரை ஒன்றை விழுங்கச் செய்து, நூல் சிறுகுடலில் பித்தநீரை நனைத்துக்கொண்டதும் வெளியே இழுத்து ஆராயும் முறையும் உண்டு. அது மருந்து பித்தநீரில் இருக்கிறதா, எந்த வடிவில் இருக்கிறது என்று சொல்லும். மொத்தம் எவ்வளவு போயிற்று என்று சொல்லாது.

பெரும்பாலும் நம்பியிருப்பது கதிரியக்கக் கார்பன் பொருத்திய மருந்தைக் கொடுத்து, சிறுநீரையும் மலத்தையும் நாள்கணக்கில் சேகரிக்கும் ஆய்வை. இதில் ஒரு பெரிய பொறி இருக்கிறது. வாய்வழி கொடுத்த ரோசுவாஸ்டாட்டினில் ஏறத்தாழ 90 விழுக்காடு மலத்தில்தான் கிடைக்கிறது. அதைப் பார்த்ததும் 'பித்தத்தில் 90 விழுக்காடு' என்று எழுதிவிடுகிறார்கள். அந்த 90க்குள் குடலில் உறிஞ்சப்படாமலே போனதும் சேர்ந்திருக்கிறது. குடற்சுவரே ரத்தத்திலிருந்து குடலுக்குள் தள்ளியதும் சேர்ந்திருக்கலாம். சிரை வழியாக நேராக ரத்தத்தில் கொடுத்தபோது, மொத்த வெளியேற்றத்தில் சுமார் 28 விழுக்காடு சிறுநீரகத்தாலும் 72 விழுக்காடு கல்லீரலாலும் நடந்தது. இந்தப் பொறிக்குள் விழுந்த எண்கள் தரவுத் தொகுப்புகளில் ஏராளமாகக் கிடக்கின்றன. அவற்றைக் கொண்டு பயிற்றுவித்த மாதிரி, உறிஞ்சப்படாத மருந்தைப் பித்தத்தில் போகும் மருந்து என்று கற்றுக்கொள்கிறது.

எலியில் அளந்து மனிதருக்குக் கணக்குப் போட முடியாதா?

எலியின் பித்தக்குழாயில் வடிகுழாய் வைத்து அளப்பது வழக்கமான, துல்லியமான சோதனை. ஆனால் எலியின் கல்லீரல் வேறு. எலிக்குப் பித்தப்பையே இல்லை. பித்தநீர் குடலுக்குள் சொட்டிக்கொண்டே இருக்கிறது. உடல் எடைக்கு எடை பார்த்தால், மனிதரைவிட எலி பல மடங்கு பித்தநீர் சுரக்கிறது. எம்ஆர்பி2 புரதமும் எலியின் கல்லீரலில் மிக அதிகம். எனவே எலி எண்ணை அப்படியே ஏற்றால், மனிதரில் பித்த வெளியேற்றம் உள்ளதைவிடக் கூடுதலாகத் தெரியும்.

எலி பயனற்றது என்று நான் சொல்லவில்லை. எம்ஆர்பி2 இயங்காத எலி வகைகள் உண்டு. மனிதரில் அதே புரதம் பழுதானால் வரும் துபின்-ஜான்சன் நோய்க்கு அவை நிகர். சாதாரண எலியையும் இந்த எலியையும் அருகருகே வைத்துச் சோதித்தால், ஒரு மருந்து எம்ஆர்பி2 வாசலைப் பயன்படுத்துகிறதா என்பது பளிச்சென்று தெரிந்துவிடும். எலியிடம் 'எவ்வளவு' என்று கேட்பதைவிட 'எப்படி' என்று கேட்பது நல்லது.

மூலக்கூறு எடை 500ஐத் தாண்டினால் பித்தம் என்கிறார்களே, உண்மையா?

பாதி உண்மை. 1967இல் மில்பர்ன், ஸ்மித், வில்லியம்ஸ் ஆகியோர், எலியின் பித்தநீரில் குறிப்பிடத்தக்க அளவு போக ஒரு பொருளின் மூலக்கூறு எடை ஏறத்தாழ 325 டால்டனைத் தாண்ட வேண்டும் என்று காட்டினார்கள். 1970களின் தொடக்கத்தில் எதிரயனிகளுக்கான, அதாவது எதிர்மின்னூட்டம் கொண்டவற்றுக்கான, எல்லை கினியா பன்றிக்கு 400, முயலுக்கு 475 என்று கண்டறியப்பட்டது. எல்லாவற்றுக்கும் 50 டால்டன் முன்பின். மனிதருக்கு 500 என்ற எண் பிறகு பாடநூல்களில் ஒட்டிக்கொண்டது.

2009இல் வெளியான ஓர் ஆய்வு பல மருந்துகளைத் தொகுத்துப் பார்த்து, எதிர்மின்னூட்டம் கொண்டவற்றுக்கு எலியில் 400, மனிதரில் 475 என்று எல்லையைத் திருத்தியது. நேர்மின்னூட்டம் கொண்டவற்றுக்கும் மின்னூட்டமற்றவற்றுக்கும் தெளிவான எல்லை எதுவும் தட்டுப்படவில்லை. எடை என்பது நேரடிக் காரணம் அல்ல என்பதற்கு இதுவே சாட்சி. பெரிய மூலக்கூறு சவ்வின் வழியாகத் தானாக ஊடுருவாது. கடத்திப் புரதங்களின் பிடிக்குள் நன்றாகப் பொருந்தும். எடை இவற்றின் நிழல் மட்டுமே.

வேதிக் கட்டமைப்பை மட்டும் வைத்துக் கணிக்கும் மாதிரிகள் எப்படி வேலை செய்கின்றன?

மூலக்கூறின் படத்தைப் பார்த்து அதன் பண்புகளை எண்களாக்குகிறோம். எடை, முனைவுப் பரப்பு, ஹைட்ரஜன் பிணைப்புகளை வழங்கும் அணுக்களின் எண்ணிக்கை, ரத்தத்தின் அமிலநிலையில் மின்னூட்டம், கொழுப்பிலும் நீரிலும் கரையும் விகிதம் போன்றவை. அளந்து வைத்த பித்த வெளியேற்றத்தோடு இவற்றை இணைக்கும் ஒரு சார்பைக் கணினி தேடுகிறது. நேர்க்கோட்டுச் சமன்பாடாகவும் இருக்கலாம், முடிவு மரங்களின் கூட்டமாகவும் இருக்கலாம், நரம்பு வலையமைப்பாகவும் இருக்கலாம்.

எளிய வகைப்பாடுகளும் இந்த வேலையைச் செய்கின்றன. 2005இல் வூ, பெனெட் இருவரும் முன்வைத்த வகைப்பாடு, கரைதிறனையும் வளர்சிதை மாற்றத்தின் அளவையும் வைத்து மருந்துகளை நான்கு வகுப்புகளாகப் பிரித்தது. உருமாற்றம் குறைவாக உள்ள மூன்றாம், நான்காம் வகுப்பு மருந்துகளே சிறுநீரிலோ பித்தநீரிலோ மாறாமல் போகும். 2015இல் வந்த விரிவுபடுத்தப்பட்ட வெளியேற்ற வகைப்பாடு, சவ்வு ஊடுருவல், மின்னூட்டம், எடை 400க்கு மேலா கீழா என்ற மூன்றையும் கேட்டு, எந்த வழி முதன்மை என்று சொல்கிறது. ஊடுருவல் குறைந்த, அமிலத் தன்மையுள்ள, 400க்கு மேல் எடையுள்ள மருந்து என்றால் கல்லீரல் நுழைவாசலைக் கவனி என்று அது எச்சரிக்கும். இப்படி வழியைக் காட்டும் வேலைக்கு இந்த மாதிரிகள் மிக நல்லவை. 'மணிக்கு எத்தனை மில்லிலிட்டர் ரத்தத்திலிருந்து மருந்து நீங்கும்' என்று கேட்டால்தான் கைவிரித்துவிடும்.

இயந்திரக் கற்றலுக்கு இன்னும் தரவைக் கொட்டினால் சரியாகிவிடாதா?

கொட்டுவதற்குத் தரவு இருந்தால்தானே? மூலக்கூறின் கரைதிறனை அளந்த பொருள்கள் பல்லாயிரம் உண்டு. எலியில் பித்த வெளியேற்றம் அளந்தவை சில நூறு. மனிதரில் நம்பத்தகுந்த விதத்தில் அளந்தவை சில பத்துகளைத் தாண்டுவதே கடினம். இந்தச் சிறு கூட்டத்தில் ஸ்டாட்டின்களும் செஃபலோஸ்போரின் வகை எதிருயிரிகளும் நிரம்பிக் கிடக்கின்றன.

ஒருமுறை நாங்கள் கட்டிய மாதிரி ஒன்று, சோதனைத் தொகுப்பில் அப்பழுக்கில்லாத முடிவைத் தந்தது. இரண்டு நாள் மகிழ்ச்சியாக இருந்தோம். மூன்றாம் நாள் மூலக்கூறுகளைக் குடும்பவாரியாக அடுக்கிப் பார்த்தபோது, ஒரே மைய வளையம் கொண்ட சகோதர மூலக்கூறுகள் பயிற்சித் தொகுப்பிலும் சோதனைத் தொகுப்பிலும் பிரிந்து கிடந்தது தெரிந்தது. மாதிரி எதையும் கற்றிருக்கவில்லை, உறவினரை அடையாளம் கண்டிருந்தது. குடும்பம் முழுவதையும் ஒரே பக்கம் ஒதுக்கிவிட்டு மறுபடி சோதித்தபோது, துல்லியம் எடையை மட்டும் பார்க்கும் பழைய விதியின் அளவுக்கு இறங்கிவிட்டது. அன்றிலிருந்து, குடும்பம் பிரித்துச் சோதிக்காத எந்த முடிவையும் நான் ஏற்பதில்லை. ஆய்வுக் கட்டுரை படிப்பவர்களும் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

இன்னொன்று. கணிக்கும் இலக்கு எது என்பதையும் பாருங்கள். 'கொடுத்த மருந்தில் எத்தனை விழுக்காடு' என்பது மற்ற வழிகளைப் பொறுத்து மாறும் எண். சிறுநீரகம் வேகமாக வெளியேற்றினால், பித்த வாசல் எவ்வளவு திறமையாக இருந்தாலும் விழுக்காடு குறைவாகத்தான் வரும். வேதிக் கட்டமைப்போடு நேராக உறவு கொண்டது பித்த வெளியேற்றத் திறனே, அதாவது குறித்த நேரத்தில் எவ்வளவு ரத்தத்திலிருந்து மருந்து பித்தத்துக்கு நீங்குகிறது என்ற அளவே. முடிந்தவரை அதையே கணியுங்கள்.

உடலியங்கியல் மாதிரி என்பது இதிலிருந்து எப்படி வேறுபடுகிறது?

கட்டமைப்பு மாதிரி கடந்தகால மருந்துகளைப் பார்த்துச் சொல்கிறது. உடலியங்கியல் மாதிரி உடலைக் கட்டி எழுப்பிப் பார்க்கிறது. ஒவ்வோர் உறுப்பும் ஓர் அறை. அறைக்கு எடையும் ரத்த ஓட்டமும் உண்டு. கல்லீரல் அறைக்குள் ரத்தம், செல், பித்தம் என்று உள்ளறைகள். ஒவ்வொரு வாசலுக்கும் ஒரு வேகம். இவை எல்லாவற்றுக்கும் வகைக்கெழுச் சமன்பாடுகள் எழுதி, நேரம் ஓட ஓட மருந்து எங்கே எவ்வளவு இருக்கிறது என்று கணினி கணக்கிடுகிறது. சிம்சிப், காஸ்ட்ரோபிளஸ், பிகே-சிம் ஆகியவை இதற்கான மென்பொருள்களில் பெயர் பெற்றவை.

இரண்டு வாசல்களில் எது முக்கியம்?

இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். பேனா எடுத்துக்கொண்டால் இன்னும் நல்லது.

ஒரு மருந்து செல்லுக்குள் நுழையும் வேகம் 100 என்று வையுங்கள். செல்லிலிருந்து ரத்தத்துக்கே திரும்பக் கசியும் வேகம் 10. நொதிகள் உருமாற்றும் வேகம் 5. பித்தத்துக்குத் தள்ளும் வேகம் 85. உள்ளே வந்த மருந்துக்கு மூன்று கதிகள்: திரும்பிப் போவது, உருமாறுவது, பித்தத்தில் போவது. மொத்தம் 100. இவற்றில் நிரந்தரமாகத் தொலைவது 90. எனவே ரத்தத்தின் கண்ணோட்டத்தில் கல்லீரலின் திறன், நுழைவு வேகமான 100ஐ நூற்றுக்குத் தொண்ணூறு என்ற விகிதத்தால் பெருக்கினால் வரும் 90.

இப்போது வெளிவாசலைப் பாதி அடையுங்கள். 85 என்பது 42.5 ஆகிறது. நிரந்தரமாகத் தொலைவது 47.5, மொத்தம் 57.5. ரத்தத்தின் கண்ணோட்டத்தில் திறன் ஏறத்தாழ 83. வெறும் எட்டு விழுக்காடு சரிவு. ரத்தப் பரிசோதனை பார்ப்பவர் 'ஒன்றும் ஆகவில்லை' என்பார். ஆனால் செல்லுக்குள் என்ன நடந்தது? வாய்வழி கொடுத்த மருந்து கல்லீரலால் மட்டுமே வெளியேறுகிறது என்றால், செல்லுக்குள் அது இருக்கும் மொத்த அளவு, தொலையும் வேகத்துக்குத் தலைகீழ் விகிதம். 90 இருந்த இடத்தில் 47.5. செல்லுக்குள் மருந்து 1.9 மடங்கு ஆகிவிட்டது.

மாறாக நுழைவாசலைப் பாதி அடைத்துப் பாருங்கள். 100 என்பது 50 ஆகிறது. ரத்தத்தின் கண்ணோட்டத்தில் திறன் 45. ரத்தத்தில் மருந்து இரட்டிப்பாகிறது. செல்லுக்குள் மொத்த அளவோ மாறவே இல்லை, ஏனென்றால் தொலையும் வேகம் அதே 90தான்.

ஸ்டாட்டின் போன்ற மருந்துக்கு இதன் பொருளை யோசியுங்கள். அது வேலை செய்வது கல்லீரலில், தீங்கு செய்வது தசையில். தசை பார்ப்பது ரத்தத்தை. நுழைவாசல் பழுதானால், பலன் ஏறத்தாழ அப்படியே இருக்கும், தசைக்கு ஆபத்து கூடும். வெளிவாசல் பழுதானால், ரத்தம் அமைதியாக இருக்கும், கல்லீரல் மருந்தில் ஊறும். பிரவாஸ்டாட்டினுக்கு 2009இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் உடலியங்கியல் மாதிரி கட்டிக் காட்டியது இந்தச் சித்திரத்தைத்தான்.

பித்த வெளியேற்றத்துக்கு ஒற்றை எண்ணை மட்டும் தரும் மாதிரியை நான் பாதி மாதிரி என்பேன். எந்த வாசல் இடுக்கு என்று தெரியாவிட்டால், அந்த எண் நாளை இன்னொரு மருந்தோடு சேர்ந்தால் என்ன ஆகும் என்று சொல்ல முடியாது.

வாசல்களின் வேகத்தை எப்படி அளக்கிறீர்கள்?

மிக அழகான சோதனை ஒன்று உண்டு. மனிதக் கல்லீரல் செல்களை இரண்டு கொலாஜன் அடுக்குகளுக்கு நடுவே வைத்து வளர்க்கிறார்கள். நான்கைந்து நாளில் செல்கள் தங்கள் இரு முகங்களையும் மீட்டெடுத்து, இடையில் பித்த நுண்குழாய்களை உண்டாக்கிக்கொள்ளும். நுண்ணோக்கியில் செல்களின் ஓரங்களில் ஒளிரும் கோடுகளாக அவை தெரியும். ஒளிரும் சாயம் ஒன்றைக் கொடுத்தால், சற்று நேரத்தில் அந்தக் கோடுகள் மட்டும் பச்சையாக எரியும். உடலுக்கு வெளியே, ஒரு கிண்ணத்துக்குள், கல்லீரல் தன் வேலையைச் செய்துகொண்டிருப்பதைக் கண்ணால் பார்க்கலாம். முதல்முறை பார்த்த அந்தப் பச்சைக் கோடுகள் இன்னும் என் நினைவில் இருக்கின்றன.

நுண்குழாய்களின் ஓரத்தை ஒட்டி மூடியிருக்கும் இறுக்கச் சந்திகளுக்குக் கால்சியம் தேவை. கால்சியம் உள்ள கரைசலில் மருந்தைக் கொடுத்தால், அது செல்லிலும் நுண்குழாயிலும் சேரும். கால்சியம் இல்லாத கரைசலில் சந்திகள் திறந்துகொள்வதால், நுண்குழாயில் போனது வெளியே வழிந்துவிடும். முதலாவதில் 40 பிக்கோமோல், இரண்டாவதில் 22 என்றால், வித்தியாசமான 18தான் பித்தத்துக்குப் போனது. 40இல் 45 விழுக்காடு.

ஒற்றைக் கடத்திப் புரதத்தை மட்டும் ஆராய, அந்த மரபணுவை ஏற்றிய செல்களும், சவ்வை உள்வெளியாகத் திருப்பிய நுண்பைகளும் பயன்படுகின்றன. மனிதக் கல்லீரலில் அந்தப் புரதம் எவ்வளவு இருக்கிறது என்று நிறமாலைமானி கொண்டு எண்ணி, இரண்டையும் இணைக்கிறார்கள்.

கிண்ணத்தின் எண்ணை உடலுக்கு அப்படியே பெருக்கிக்கொள்ளலாமா?

கணக்கு எளியது. பத்து லட்சம் செல்கள் நிமிடத்துக்கு 10 மைக்ரோலிட்டர் அளவை மருந்தில்லாமல் துடைக்கின்றன என்று வையுங்கள். ஒரு கிராம் கல்லீரலில் ஏறத்தாழ 12 கோடி செல்கள் என்பது வழக்கமாக எடுக்கும் எண். எனவே கிராமுக்கு 1.2 மில்லிலிட்டர். 1,500 கிராம் கல்லீரலுக்கு 1,800 மில்லிலிட்டர். ரத்தத்தில் பத்தில் ஒரு பங்கு மருந்துதான் புரதத்தோடு ஒட்டாமல் இருக்கிறது என்றால் 180. கல்லீரலுக்கு நிமிடத்துக்கு வரும் ரத்தம் சுமார் 1,500 மில்லிலிட்டர் என்பதையும் கணக்கில் சேர்த்தால், ஏறத்தாழ 160 மில்லிலிட்டர்.

நோகவைப்பது இதற்கு அடுத்த படி. உண்மையில் அளந்த மதிப்போடு ஒப்பிட்டால், ஓஏடிபி வழியாக நுழையும் மருந்துகளுக்குக் கிண்ணத்து எண் பெரும்பாலும் குறைவாகவே வருகிறது, சில வேளைகளில் பத்து மடங்குக்கும் மேல். செல்களைப் பிரித்தெடுத்து உறைய வைக்கும்போது சவ்வுப் புரதங்கள் சேதமடைகின்றன. ரத்தத்தின் ஆல்புமின் மருந்தைச் செல்லுக்குள் ஒப்படைக்க உதவுவதாகவும் சான்றுகள் உண்டு. இடைவெளியை நிரப்பத் திருத்தக் காரணி ஒன்றைப் பெருக்குகிறோம். அந்தக் காரணி எங்கிருந்து வந்தது, எத்தனை மருந்துகளில் சோதிக்கப்பட்டது என்பதை வெளிப்படையாக எழுத வேண்டும். புதிய மருந்துக்கு ஏற்றாற்போல் அதை வளைத்துவிட்டு 'முன்கணிப்பு' என்று பெயர் சூட்டுவது எனக்கு ஒப்பாது. அது பொருத்திப் பார்த்தல். இரண்டும் ஒன்றல்ல.

பித்தத்தில் போன மருந்து திரும்பி வருமா?

வரும். பித்தநீர் சிறுகுடலில் கொட்டுகிறது, அங்கே மருந்து மறுபடி உறிஞ்சப்படலாம். கல்லீரல் ஒரு சர்க்கரை அமிலத்தோடு சேர்த்து குளுக்குரோனைடாகக் கட்டி அனுப்பியதைக் குடல் பாக்டீரியாவின் நொதி அவிழ்த்துவிட, பழைய மருந்து திரும்பவும் ரத்தத்தில் ஏறும். மைக்கோபீனாலிக் அமிலம் கொடுத்த 6 முதல் 12 மணி நேரத்துக்குள் ரத்தத்தில் இரண்டாவது சிகரம் தோன்றுவது இதனால்தான். எசெட்டிமைபின் அரை ஆயுள் ஏறத்தாழ 22 மணி நேரமாக நீள்வதற்கும் இந்தச் சுழற்சியே காரணம்.

இதன் உச்ச உதாரணம் லெஃப்ளுனோமைடு. அதன் செயல்படு பொருள் சுற்றிச் சுற்றி வருவதால், மருந்தை நிறுத்திய பிறகும் முழுமையாக மறைய இரண்டு ஆண்டுகள் வரை ஆகலாம். கருவுற விரும்பும் பெண்களுக்கு இது பெரிய கவலை. அதற்காகவே, குடலில் மருந்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் கொலஸ்டைரமைனை 11 நாள் கொடுத்துச் சுழற்சியை அறுக்கிறார்கள்.

மாதிரியில் இதைச் சேர்க்கும்போது பித்தப்பையை மறக்கக் கூடாது. மனிதரில் பித்தநீர் உணவுக்காகக் காத்திருந்து, உண்டதும் கொட்டுகிறது. சாப்பாட்டு நேரத்தைச் சமன்பாட்டுக்குள் கொடுக்காமல், சீராக வழிவதாக எழுதினால் இரண்டாவது சிகரம் வரவே வராது.

மாதிரி சொல்வதை உயிருள்ள கல்லீரலில் சரிபார்க்க வழி உண்டா?

உண்டு, படம் பிடிக்கலாம். ரோசுவாஸ்டாட்டினில் கார்பன்-11 அணுவைப் பொருத்தி, பாசிட்ரான் வருடியின் கீழ் படுக்க வைத்தால், கல்லீரலும் பித்தப்பையும் நிமிடத்துக்கு நிமிடம் நிரம்புவதைப் பார்க்கலாம். கார்பன்-11இன் அரை ஆயுள் 20 நிமிடம் என்பதால், சீக்கிரமே படம் மங்கிவிடும். காந்த அதிர்வுப் படத்துக்கு ஊசியில் செலுத்தும் கேடாக்செட்டேட் ஓஏடிபி வழியாக நுழைந்து எம்ஆர்பி2 வழியாக வெளியேறுகிறது. செலுத்தியதில் ஏறத்தாழ பாதி பித்தத்தில் போகிறது. வாசல்கள் அடைபட்டால் ஒளிர்வு எப்படி மாறும் என்பதை மாதிரியோடு ஒப்பிடலாம். கல்லீரலுக்குள் இருக்கும் அளவை நேராகக் காட்டும் தரவு இதைத் தவிர அபூர்வம்.

ஆளுக்கு ஆள் வேறுபடுவதை மாதிரி கணக்கில் எடுக்குமா?

எடுக்க வேண்டும். ஓஏடிபி1பி1 புரதத்தின் மரபணுவில் ஓர் எழுத்து மாறினால் நுழைவாசல் குறுகுகிறது. நாள்தோறும் 80 மில்லிகிராம் சிம்வாஸ்டாட்டின் எடுத்தவர்களிடம் 2008இல் வெளியான ஆய்வில், மாறிய மரபணுவின் ஒவ்வொரு பிரதிக்கும் தசைநோய் ஆபத்து ஏறத்தாழ நாலரை மடங்கு உயர்ந்தது. மாதிரியில் நுழைவு வேகத்தைக் குறைத்து, ஆயிரம் கற்பனை நோயாளிகளை ஓட்டினால் இத்தகைய குழுவுக்கு ரத்த அளவு எவ்வளவு விரியும் என்று பார்க்கலாம். வயது, பாலினம், கொழுப்புக் கல்லீரல் ஆகியவற்றுக்கும் இப்படிச் செய்யலாம், புரத அளவுகள் அளக்கப்பட்டிருந்தால்.

பித்த அமிலங்களைத் தள்ளும் புரதத்தை மருந்து அடைத்தால்?

அது மருந்தின் வெளியேற்றத்தைவிட மோசமான கேள்வி. பிஎஸ்இபி என்ற புரதம்தான் பித்த அமிலங்களை நுண்குழாய்க்குத் தள்ளுகிறது. அது அடைபட்டால் அவை செல்லுக்குள் தேங்கி, செல்லையே சிதைக்கும். கல்லீரல் பாதிப்பால் 2000ஆம் ஆண்டில் அமெரிக்கச் சந்தையிலிருந்து விலக்கப்பட்ட நீரிழிவு மருந்தான டிராக்ளிட்டசோனின் சல்ஃபேட் வடிவம், இந்தப் புரதத்தை வலுவாக அடைப்பது சோதனையில் தெரிந்தது. அந்த சல்ஃபேட் தானே பித்தத்தில் வெளியேறுவது. வெளிவாசல் குறுகினால் ரத்தம் அமைதியாக இருக்க, செல்லுக்குள் 1.9 மடங்கு சேரும் என்று மேலே கணக்கிட்டோமே, அதை இங்கே வைத்துப் பாருங்கள்.

ஒழுங்குமுறை அமைப்புகள் இதை ஏற்கின்றனவா?

அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் 2020 வழிகாட்டுதல் சொன்னதுபோலவே, அதன் இடத்துக்கு வந்த, பன்னாட்டு மருந்து ஒத்திசைவு மன்றமான ஐசிஎச்சின் எம்12 வழிகாட்டுதலும் (2024இல் இறுதியானது), கல்லீரல் உருமாற்றமோ பித்த வெளியேற்றமோ மொத்தத்தில் 25 விழுக்காட்டை எட்டினால் ஓஏடிபி1பி1, ஓஏடிபி1பி3 வாசல்களைச் சோதிக்கச் சொல்கிறது. நொதி சார்ந்த இடையூறுகளுக்கு மாதிரிக் கணக்கை ஏற்று மனித ஆய்வைத் தவிர்க்க அனுமதிப்பது வழக்கமாகிவிட்டது. கடத்திப் புரதங்களுக்கு அந்த நம்பிக்கை இன்னும் பிறக்கவில்லை, நியாயமாகத்தான்.

புரதங்களின் முப்பரிமாண வடிவம் கிடைத்துவிட்டதே, இனி எளிதல்லவா?

உறைகுளிர் மின்னணு நுண்ணோக்கியும் செயற்கை நுண்ணறிவால் புரத வடிவங்களைக் கணித்துத் தொகுத்து 2021இல் வந்த ஆல்ஃபாஃபோல்டு தரவுத்தளமும் வடிவங்களைக் கொடுத்துவிட்டன. மருந்து எங்கே ஒட்டும் என்று பார்க்கலாம், அடைக்குமா என்று ஊகிக்கலாம். ஆனால் கடத்துவது ஓர் அசைவு. இந்தப் புரதங்களின் குழிகள் அகலமானவை, பல வகை மூலக்கூறுகளை ஏற்பவை. ஒட்டியதெல்லாம் கடத்தப்படுவதில்லை. வேகத்தைக் கணிக்கும் நிலைக்கு இன்னும் வரவில்லை.

நான் தொடங்க விரும்புகிறேன். முதலில் என்ன செய்வது?

பிகே-சிம் திறந்த மூல மென்பொருள், காசு வேண்டாம். ஆனால் அதைத் திறப்பதற்கு முன், நுழைவு, கசிவு, உருமாற்றம், பித்தம் என்ற நான்கு எண்களை ஒரு விரிதாளில் போட்டு, மேலே செய்த கணக்கை நீங்களே திரும்பச் செய்யுங்கள். கசிவு 10க்குப் பதில் 200 என்று வைத்து வெளிவாசலைப் பாதி அடைத்தால், ரத்தத்தின் கண்ணோட்டத்தில் திறன் 31இலிருந்து 19க்கு இறங்கும். முன்பு எட்டு விழுக்காடே சரிந்தது, இப்போது ஏறத்தாழ 38 விழுக்காடு சரிகிறது. ஏன் என்று உங்களால் வாய்விட்டு விளக்க முடிந்த பிறகு, ரோசுவாஸ்டாட்டினின் சிரைவழித் தரவை எடுத்துக்கொண்டு மென்பொருளுக்குள் போங்கள். வாய்வழித் தரவை அதற்குப் பிறகு தொடுங்கள்.